மாப்பிள்ளை இல்லாத எஸ்டிமேட்

ஷவ்வால் பிறை 10, வியாழன்

அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் நூஹு லெப்பை, எனக்கு எட்டு வயது மூத்த என் அண்ணன் ஷேகு சதக்கு காக்கா, மூத்த மகள் ருகையா, முக்காலிமேல் வைத்த போனில் சென்னையிலிருந்து அவள் மாப்பிள்ளை ஜக்கரிய்யா (ஆகவே அரை ஆள்), வாசலுக்கு வெளியே நின்ற கொத்தனார் பொன்ராஜ். இளைய மகள் ஹானி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளைச் சேர்க்கவில்லை.

பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் ஆரம்பித்தேன். வீட்டை ஒட்டி, உம்மா எனக்கு எழுதிவைத்த காலி மனை கிடக்கிறது. அதில் இந்த வீட்டுச் சுவரோடு சேர்த்து ஒரு தனிப் பாகம் கட்டப்போகிறேன். அறுநூற்று இருபது சதுர அடி. அடிக்கு இரண்டாயிரத்து நூறு என்கிறார் பொன்ராஜ். பதின்மூன்று லட்சத்து இரண்டாயிரம் ஆகும். ஹானி பேரில் எழுதப்போகிறேன்.

காக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மாஷா அல்லாஹ்! மாப்பிள்ளை யாரு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"மாப்பிள்ளை இல்ல காக்கா. வீடு மட்டுந்தான்."

போனுக்குள் ஜக்கரிய்யா "ஹலோ, ஹலோ" என்றார். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பார். கட்டாகவில்லை. கட்டானது காக்காவின் சிரிப்புதான்.

ஊர் வழக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. பெண்ணுக்கு வீடு கொடுப்போம், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். இந்த வீடும் எனக்கு அப்படி வந்ததுதான். ருகையா இருக்கும் மேல்பாகம் அவளுக்கு அப்படிக் கொடுத்ததுதான். ஆகவே ஒரு மனையில் செங்கல் இறங்கினால் ஒரு கல்யாணம் என்று அர்த்தம். கல்யாணம் இல்லாமல் செங்கல் இறங்கினால் என்ன அர்த்தம் என்று ஊரில் யாரும் இதுவரை யோசித்ததில்லை. நான் யோசித்தேன். ஹானிக்கு முப்பத்தாறு வயது. மாப்பிள்ளை வந்தால்தான் வீடு என்றால், வராதவளுக்கு அல்லாஹ்வுடைய பூமியில் ஒரு கதவுகூடக் கிடையாதா?

காக்கா தாடியைத் தடவினார். "சரி, கட்டுறதக் கட்டு. தெருவாசல் வைக்காத. முடுக்குப் பக்கம் ஒரு கதவு விட்டாப் போதும்."

முடுக்கு என்பது வீடுகளுக்கு நடுவே பெண்கள் போய்வரும் சந்து. தெருவாசல் ஆண்கள் வந்துபோக.

"ஆம்பிளை இல்லாத வீட்டுக்குத் தெருவாசல் எதுக்கு சுலைஹா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பல்லு நல்லா இருக்கவங்க சிரிச்சா பாக்க அழகாத்தான் இருக்கும்."

என் வீட்டுக்காரர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "சீனி கொஞ்சம் கூட" என்றார். அவர் என் பக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஷவ்வால் பிறை 12, சனி

எஸ்டிமேட்டைப் பிரித்து எழுதினேன். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாவதோடு நின்றது. சதுர அடிக் கணக்கைப் பொன்ராஜ் தரையில் கரித்துண்டால் போட்டுக் காட்டியதைப் பார்த்துப் பழகிக்கொண்டேன்.

தெருப்பக்கம் ஒரு ஹால், பன்னிரண்டுக்குப் பத்து, அதை ஒட்டித் தனிக் கழிவறை. அடுத்து அறை, கட்டிலுக்கு ஏழுக்கு ஏழு இடம் விட்டு. பின்னால் அடுப்படி, குளியலறை. எல்லாம் ருகையா பாகத்தின் அளவுதான். சரிப்பட்ட அளவு கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு மண்டையை உடைக்க வேண்டும்?

கிணற்றுத் தண்ணீர் ஆகாது. கடல் பக்கம் என்பதால் உப்பு. காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துவிடும். நல்ல தண்ணீர் லாரிக்குத் தனியாக முப்பதாயிரம் எடுத்துவைத்தேன். தெருவாசலுக்குத் தேக்கு நிலையும் கதவும் அறுபத்தெட்டாயிரம். பொன்ராஜ், "வேப்பமரம்னா பாதிதான் ஆவும் உம்மா" என்றார். தேக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

"பேங்க் லோன் போட்டா ஈஸியா முடிஞ்சிரும்" என்றும் சொன்னார்.

"வட்டி வேணாம். வட்டிப் பணத்துல சுவர் எழும்புனா, நான் எந்தச் சுவர் பக்கம் நின்னு தொழுவேன்?"

"அப்ப மெதுவாக் கட்டுவோம்" என்றார். நல்ல மனிதர். ஆனால் சிமெண்ட் மூட்டைக்குப் பத்து ரூபாய் கூட்டித்தான் சொல்கிறார். கடையில் விசாரித்துவிட்டேன். நாளைக்குச் சொல்வேன்.

ஷவ்வால் பிறை 15, செவ்வாய்

ஹானி கல்யாணத்துக்கென்று சேர்த்த நகையில் பதினெட்டுப் பவுனை இன்று நகைக்கடையில் விற்றுவிட்டேன். பவுனுக்கு ஐம்பத்திரண்டாயிரம் வீதம் ஒன்பது லட்சத்து முப்பத்தாறாயிரம் கிடைத்தது. என் சேமிப்பு நாலு லட்சத்துப் பத்தாயிரம். ஆக பதின்மூன்று லட்சத்து நாற்பத்தாறாயிரம். எஸ்டிமேட்டுக்கு மேல் நாற்பத்து நாலாயிரம் இருக்கிறது. தண்ணீர் லாரிக்கும் கைச்செலவுக்கும் அது போதும், இன்ஷா அல்லாஹ்.

கடைக்காரருக்குத்தான் மனசு வரவில்லை. "பொண்ணு நகையப் போயி விக்கிறீங்களே உம்மா" என்றார்.

எங்கள் மத்ஹபுச் சட்டப்படி போட்டுக்கொள்ளும் நகைக்கு ஜகாத் என்ற ஏழைவரி இல்லை. பூட்டிவைத்த நகைக்கு உண்டு. பதினாறு வருஷமாக ஒவ்வொரு ரமலானிலும் இந்த நகையை நிறுத்து ஜகாத் கொடுத்திருக்கிறேன். கழுத்துப் பார்க்காத மாலைக்கு, காது பார்க்காத கம்மலுக்கு. குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் கிடையாது. அவரிடம் இதைச் சொன்னேன். தராசைத் துடைத்துக்கொண்டே, "அதுவும் சரிதான்" என்றார்.

ஷவ்வால் பிறை 16, புதன்

நகை விஷயத்தை ஹானியிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்துக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்து, "சரி உம்மா" என்றாள்.

ஷவ்வால் பிறை 24, வியாழன்

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். மூன்றடியில் ஈரமண், நாலடியில் கெட்டி. அல்ஹம்துலில்லாஹ்.

பத்து மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டு ஹலீமா மாமி முடுக்கு வழியாக வட்டிலப்பத்தோடு வந்துவிட்டார். "முபாரக் சுலைஹா! ஒளிச்சு வச்சிட்டியே. மாப்பிள்ளை எந்தத் தெரு?"

"செங்கல் எந்தச் சூளைன்னு கேளுங்க மாமி, சொல்றேன்."

"வெளாடாத. சொல்லு."

"மாப்பிள்ளை இல்ல. பிள்ளைக்கு வீடு."

மாமி என் முகத்தைப் பார்த்தார். தோண்டிய குழியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த வட்டிலப்பத்தைப் பார்த்தார். திருப்பிக் கொண்டுபோகலாமா என்று நினைத்தாரோ என்னவோ. நான் வாங்கி வைத்துக்கொண்டேன். நல்ல ஏலக்காய் மணம். கொத்தனார்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது என்று முறுக்குப் போட்டு அனுப்பினேன்.

சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். தொண்டை கட்டிக்கொண்டது.

துல்கஅதா பிறை 3, வெள்ளி

ருகையாவோடு சண்டை. எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

ஜும்ஆ முடிந்து ஆண்கள் சாப்பிட்ட பிறகு மேலேயிருந்து இறங்கி வந்தாள். உட்காரவில்லை.

"உம்மா, சபீஹாவுக்குப் பத்தொம்பது வயசாவுது. நாளைக்கு ஒரு மாப்பிள்ளை வந்தா எம் மவள எங்க வைப்பேன்? இருந்தது அந்த ஒரு மனைதான்."

"உன் பாகம் உன் பேர்ல இருக்கு. அத உன் மவளுக்குக் கொடு."

"நான் எங்க போறது?"

"எங்கயும் போவ வேணாம். கீழ வந்து எங்கூட இரு."

அவள் கண் கலங்கிவிட்டது. என் மூத்த பிள்ளை எளிதில் அழமாட்டாள்.

"எனக்கு மாப்பிள்ளை வந்துச்சுன்னு வீடு கொடுத்தீங்க. அவளுக்கு வரலன்னு வீடு கொடுக்கிறீங்க. அப்ப எம் மவ என்ன செய்யணும்? வரணுமா, வரக்கூடாதா?"

நானும் விடவில்லை. "சபீஹா முதல்ல காலேஜ முடிக்கட்டும். வீடு கேட்டு ஒருத்தன் வந்தா, வீடு தேவப்படுறது அவனுக்குத்தான். அவன் கட்டிக்கட்டும்."

"ஊரு உலகத்துல இல்லாத பேச்சு."

"ஊரு உலகம் சிமெண்ட் வாங்கித் தரல."

படியேறிப் போய்விட்டாள். நான் குர்ஆனை எடுத்து வழக்கம்போல் ஓத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தையே மறுபடியும் மறுபடியும் ஓதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

துல்கஅதா பிறை 5, ஞாயிறு

ருகையா மேலே தனியாக அடுப்புப் பற்றவைத்துவிட்டாள். சீலாமீன் குழம்பு. வாசனை கீழே வரைக்கும் வந்தது. நான் கேட்கவில்லை. அவளும் அனுப்பவில்லை.

துல்கஅதா பிறை 21, செவ்வாய்

இன்று நடந்ததற்கு அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். கத்திவிட்டேன். தெருவில் இரண்டு ஆண்கள் நின்றுவிட்டார்கள்.

நேற்று எனக்குக் காய்ச்சல். மனைப்பக்கம் போகவில்லை. இன்று காலையில் துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தால், தெருப்பக்கம் வாசலுக்கென்று விட்டிருந்த மூன்றரை அடி இடைவெளியில் இடுப்பு உயரத்துக்குச் செங்கல். முடுக்குப் பக்கம் சுவரில் அதே அளவில் ஒரு ஓட்டை.

"யாரு சொன்னா?"

பொன்ராஜ் கொலுறுக் கரண்டியை மணலில் குத்திவைத்தார். "பெரியவரு வந்து சொன்னாவ உம்மா. நீங்கதான் சொல்லச் சொன்னீங்கன்னாவ."

"வீடு யாரு வீடு?"

"உங்க வீடு."

"கூலி யாரு தாரா?"

"நீங்கதான்."

"அப்ப பெரியவரு எங்கேருந்து வந்தாரு?"

காக்காவுக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். தெருவில் நின்றே பேசினார், சுவருக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். இடையில் இடுப்பு உயரச் செங்கல்.

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் சுலைஹா. நாளைக்கு ஒத்தப் பொம்பளப் பிள்ளை தெருக்கதவத் திறந்துக்கிட்டு நின்னா ஆளுக்கொரு பேச்சு பேசுவாஹ."

"தினமும் காலையில பள்ளிக்கூடத்துக்குப் போறாளே, எந்த வழியா போறா? முடுக்கு வழியாப் போயி, தெருவுல இறங்கித்தான போறா? தெருவுல நடக்கலாம், தெருவுல கதவு இருக்கக்கூடாதா?"

"எதுத்துப் பேசாத."

"எதுத்துப் பேசல காக்கா. செங்கல எடுக்கச் சொல்றேன்."

அப்போதுதான் கத்தினேன். எழுதிவிட்டேன், போதும்.

லுஹர் பாங்குக்குள் செங்கல் வெளியே வந்துவிட்டது. முடுக்குப் பக்கத்து ஓட்டையையும் அடைத்தாயிற்று. இடிப்புக் கூலி, வீணான கல், கலவை எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. என் கணக்கில் எழுதவில்லை. தனித்தாளில் எழுதிக் காக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

துல்கஅதா பிறை 23, வியாழன்

காக்காவிடமிருந்து பணம் வந்தது, ஒரு பழைய கவரில். ஆயிரத்து எண்ணூறேதான். ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை. எங்கள் வாப்பாவின் பிள்ளை என்பதில் சந்தேகமே இல்லை.

தெருவாசல் நிலையை இன்று வைத்தோம். என் வீட்டுக்காரர் துஆ ஓதினார். வேறு ஆண்கள் யாரும் வரவில்லை. தேக்கு நல்ல தேக்கு.

துல்ஹஜ் பிறை 11, திங்கள்

நேற்றுப் பெருநாள். வேலைக்கு நாலு நாள் விடுமுறை. குர்பானி இறைச்சியில் கொத்தனார்களுக்கும் பங்கு வைத்தேன். ருகையா மேலேயிருந்து ஒரு சட்டி பிரியாணி அனுப்பினாள். சபீஹா கொண்டுவந்தாள். சட்டியைக் கழுவி, அதில் வட்டிலப்பம் வைத்து அனுப்பினேன். இன்னும் பேச்சு இல்லை. சட்டிகள் மட்டும் பேசிக்கொள்கின்றன.

துல்ஹஜ் பிறை 18, திங்கள்

சுவர் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. இதுவரை செலவு ஏழு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். கையில் ஐந்து லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம். இனிமேல் சென்ட்ரிங், காங்கிரீட், பூச்சு, தரை.

மஃரிபுக்குப் பிறகு காக்கா வந்தார், பழம், பூ எல்லாம் எடுத்துக்கொண்டு. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை, மனைவி இறந்து ஒன்றரை வருஷமான ஒருவர். ஐம்பத்து நாலு வயது. பெரிய பிள்ளைகள். இருந்த வீடு இறந்தவரின் வீடு. அது அவருடைய மகளுக்குப் போய்விட்டது. இப்போது தங்கை வீட்டு மாடியில் இருக்கிறாராம்.

"பாரு சுலைஹா, அல்லாஹ் எப்படி முடிச்சுப் போடுறான்னு. உன் வீடும் ஆவுது, மாப்பிள்ளையும் ஆவுது. ஊரு வாயும் மூடிரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் படிக்கட்டிலிருந்து ருகையாவின் குரல் வந்தது. அவள் அங்கே நின்றது எனக்குத் தெரியாது.

"மாமா, அவரு பொண்ணு கேக்குறாரா, வாடகை இல்லாத வீடு கேக்குறாரா?"

"நீ சும்மா இரு பிள்ள."

"சும்மாத்தான் இருந்தேன். கூரை போடுற நேரமாப் பாத்து வாராரேன்னு கேட்டேன்."

என் வீட்டுக்காரர் இருமினார். சிரிப்பை அடக்க அவர் அப்படித்தான் இருமுவார்.

ஹானி உள்ளேயிருந்து வந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாக, மெதுவாகச் சொன்னாள். "எனக்கு வேணாம் மாமா. அவங்க நல்லா இருக்கட்டும்."

அவ்வளவுதான். காக்கா பழத்தை விட்டுவிட்டுப் போனார். மாதுளை நல்ல சிவப்பு. இரவு ருகையா கீழே வந்து எங்களோடு சாப்பிட்டாள். மனையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. ஆனாலும் சாப்பிட்டாள்.

அல்லாஹ்வுக்கு ஷுக்ரு. இனி என்னை யார் கேட்பது?

துல்ஹஜ் பிறை 19, செவ்வாய்

ஹானி பள்ளிக்கூடம் விட்டு நேரே மனைக்கு வந்தாள். வேலை தொடங்கியதிலிருந்து அவள் உள்ளே காலடி வைத்தது இதுதான் முதல் தடவை. நான் அதை இன்றுதான் கவனித்தேன். ஒவ்வொரு சுவராகக் காட்டினேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"இது என்ன உம்மா?"

"ஹால். தெருவாசல் வழியா வாறவங்க உக்கார."

"வாறவங்க யாரு?"

"யாராவது வருவாங்கள்ல."

"இந்தக் கழிவறை ஏன் தனியா இருக்கு?"

"ஆம்பிளையாளு வந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

உள்ளறைக்குள் போனாள். காலால் அளந்தாள். "இது?"

"கட்டில் போட."

"ஏழுக்கு ஏழா? நான் ஒருத்தி உருண்டு வெளாடவா?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பச்சைச் சுவர், துணியெல்லாம் சாந்து படும் என்றேன். நகரவில்லை.

"மாமாகிட்ட மாப்பிள்ளை இல்லன்னு சொன்னீங்க. பொன்ராஜ் அண்ணாச்சிகிட்ட மட்டும் மாப்பிள்ளைக்கு இடம் விடச் சொல்லியிருக்கீங்க."

"அது உன் லாத்தா ருகையா வீட்டு அளவு. கையில இருந்துச்சு."

"எனக்காக ஊரோடல்லாம் சண்ட போட்டீங்க. லாத்தாவ அழ வச்சீங்க. எனக்கு என்ன வேணும்னு..."

"நகைய விக்கும்போது உங்கிட்ட சொன்னேனே."

"சொன்னீங்க உம்மா. கேக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தப்பான கணக்கைக் காட்டுவதுபோலச் சொன்னாள். தண்ணீர் லாரிக்குப் பணம் கேட்டு அந்த நேரம் பார்த்துப் பொன்ராஜ் வந்தார். எண்ணிக் கொடுத்தேன். சரியாகத்தான் எண்ணினேன் என்று நினைக்கிறேன்.

துல்ஹஜ் பிறை 20, புதன்

ஹானி டீச்சர் டிரெயினிங்குக்குத் திருநெல்வேலி போய்விட்டாள். ஐந்து நாள். இன்று கணக்கு எதுவும் எழுதவில்லை.

துல்ஹஜ் பிறை 21, வியாழன்

ஹானிக்கு.

போனில் எனக்குப் பேச வராது. "சாப்பிட்டியா, தொழுதியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். ஆகவே இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். ருகையா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். அவளும் படிப்பாள். படிக்கட்டும்.

கூரைக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கப் பொன்ராஜ் திங்கட்கிழமை ஆள் கூட்டி வருகிறார். கூரை போட்டுவிட்டால் சுவரை நகர்த்த முடியாது. இப்போது நகர்த்தினால் ஒரு சுவருக்குப் பதினோராயிரம் என்கிறார். பேரம் பேசினேன், ஒன்பதுக்கு வந்தார். இரண்டு சுவர் என்றாலும் தாங்கும். மூன்று என்றால் தரைக்கு மொசைக் வேண்டாம், சிமெண்ட் பூசிக்கொள்ளலாம். ஏழுக்கு ஏழு வேண்டாம் என்றால் வேண்டாம். ஹால் வேண்டாம் என்றால் அதுவும் வேண்டாம். எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதப்போவதில்லை. நாக்கின் நுனியில்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதமாட்டேன்.

வீடே வேண்டாம், வேறு ஊரில் வேலை பார்க்கப்போகிறேன் என்றாலும் எழுது. செலவான ஏழரை லட்சம் வீணாகாமல், வீட்டை வாடகைக்கு விட்டு அதை உன் பேரில் போட ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். மனம் ஒப்பிப் போடவில்லை. ஆனால் போட்டிருக்கிறேன்.

உன் மாமாவுக்கும் ஹலீமா மாமிக்கும் ஊருக்கும் நான் பதில் சொல்லிக்கொள்வேன். அதில் எனக்குப் பயமில்லை, பழகியும் விட்டது. உன்னைத்தான் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

உனக்கு என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மஃரிபுக்குள் பதில் அனுப்பு.